வெட்டுப்புள்ளி இல்லாத புலமைப்பரிசில்

அக்காவின் மகள் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். இடப்பக்கத்தில் பல்கலைக்கழகங்களின் பெயர்கள்: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ரொறன்ரோ, மெல்பேர்ண். வலப்பக்கத்தில் சிவப்புப் பேனையால் கோடு போட்டு, ‘மெரிட் ஸ்கொலர்ஷிப் எவ்வளவு’ என்று தலைப்பு. கடைசி இரண்டுக்கும் ஏதோ எண்கள் எழுதியிருந்தாள். முதல் நான்குக்கும் நேரே வெறுமை.

“மாமா, இரவிரவாத் தேடிப் பாத்திட்டன். இவையின்ர பக்கத்திலை மெரிட் எண்ட சொல்லே இல்லை. எங்கையாவது ஒளிச்சு வைச்சிருக்கினமோ?”

“ஒளிக்கேல்லை பிள்ளை. இல்லை.”

வெள்ளவத்தையில், காலி வீதியின் இரைச்சல் ஏறிவருகிற அந்த மூன்றாம் மாடி வீட்டில் மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் நண்பர்களின் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முகம் ஒரே மாதிரி வாடும். உலகத்திலேயே பெரிய கம்பஸ், கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஒரு சதமும் கொடுக்காதா?

பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது. பத்து வயதிலேயே ‘புலமைப்பரிசில்’ என்ற சொல் நம் வீடுகளுக்குள் வந்துவிடுகிறது. ஐந்தாம் தரப் பரீட்சை, வெட்டுப்புள்ளி, ஒரு புள்ளியால் தவறிய பிள்ளையின் அழுகை. பிறகு உயர்தரம், இசெட் புள்ளி, மறுபடியும் வெட்டுப்புள்ளி. பெரும்பாலான பாடநெறிகளுக்குப் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசைக்கு. 55 வீதம் மாவட்ட மக்கள்தொகைக்கு ஏற்ப. 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ‘மெரிட்டிலை எடுபட்டவன்’ என்றால் அந்த 40க்குள் வந்தவன். எழுபதுகளின் தரப்படுத்தலைக் கண்ட தலைமுறைக்கு அந்தச் சொல்லில் மானமும் கலந்திருக்கிறது. கொழும்பு மாவட்டத்துப் பிள்ளைக்கு இன்னொரு இடி: முல்லைத்தீவில் பரீட்சை எழுதியிருந்தால் பொறியியலுக்குப் போதுமாயிருக்கும் புள்ளி இங்கே போதாமல் போகும். அதனால்தான் இந்த நகரத்தில் வெளிநாட்டுக் கனவு வேறெங்கையும்விடச் சூடாகக் கொதிக்கிறது.

ஆனால் நம்முடைய புலமைப்பரிசிலிலேயே ஒரு பொடி எழுத்து இருக்கிறது. ஐந்தாம் தரத்தில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த எல்லாப் பிள்ளைக்கும் மாதக் காசு வருவதில்லை. பெற்றோரின் வருமானம் குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால்தான் வரும். மற்றவர்களுக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் மட்டும். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்காக 1981இல் தொடங்கிய மகாபொலவும் திறமை, வருமானம் என்று இரண்டு கண்ணாலும் பார்க்கிறது. காசுக்கும் புள்ளிக்கும் நடுவில் வீட்டு வருமானம் எப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தது. நாம்தான் கவனிக்கவில்லை.

இனி ஹார்வர்டுக்கு வருவோம். ஐவி லீக் என்று சொல்லப்படும் எட்டுப் பல்கலைக்கழகங்களும் படிப்புத் திறமைக்கோ விளையாட்டுத் திறமைக்கோ காசு கொடுப்பதில்லை. விளையாட்டுக்கான விதி 1954ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதற்குப் பின் பல ஆண்டுகள் இவற்றின் அதிகாரிகள் எம்.ஐ.டி.யையும் சேர்த்துக்கொண்டு வருடா வருடம் கூடி, ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று இடத்தில் அனுமதி கிடைத்திருந்தால் யார் எவ்வளவு உதவி கொடுப்பது என்று பேசி ஒத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளை ஏலத்தில் எடுக்கத் தொடங்கினால் ஏழைப் பிள்ளைக்கு வைத்த காசு கரைந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். விலையைப் பேசி வைப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க நீதித்துறை 1991இல் வழக்குப் போட்டது. எட்டும் அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக ஒப்பமிட்டன. எம்.ஐ.டி. மட்டும் நீதிமன்றம் போய் வாதாடியது. கூட்டம் நின்றது, கொள்கை தொடர்ந்தது. இன்றைக்கும் இந்த வாசல்களில் கிடைப்பது தேவை அடிப்படையிலான உதவி, அதாவது வீட்டு வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கிற உதவி, ஒன்றுதான். ஆம்ஹெர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்ற சிறிய கல்லூரிகளும் அப்படியே.

காரணத்தை நேராகச் சொன்னால், அங்கே விண்ணப்பிக்கிற எல்லாரிடமும் மெரிட் இருக்கிறது. நூறு பேர் கேட்டால் ஏறக்குறைய நாலு பேருக்கு மட்டும் இடம் கொடுக்கிற ஹார்வர்ட், உள்ளே எடுத்த பிள்ளைக்கு மறுபடி ஒரு பரிசு கொடுத்து இழுக்க வேண்டிய அவசியம் என்ன? பிள்ளை எப்படியும் வரும்.

தகப்பன்மார் காது கொடுக்காமல் தாண்டிப்போகிற இடம் இதற்கு அடுத்தது. அந்தத் ‘தேவை’ உதவிதான் நமக்குப் பெரிய பானை. 2025-26 கல்வியாண்டிலிருந்து, ஆண்டு வருமானம் 1,00,000 டொலருக்குக் குறைவான, வழமையான அளவு சொத்துள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு ஹார்வர்ட் கட்டணம், அறை, சாப்பாடு, காப்புறுதி எல்லாவற்றையும் தானே பொறுக்கிறது. 2,00,000 வரை படிப்புக் கட்டணம் இல்லை. பிரின்ஸ்டன் 2001இலேயே கடனை எடுத்துவிட்டுத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத மானியமாக மாற்றிவிட்டது. வெளிநாட்டுப் பிள்ளைக்கும் இதே கணக்குத்தான்.

நம் ஊர் வருமானத்தை இதில் வைத்துப் பாருங்கள். மாதம் 4 லட்சம் ரூபா எடுக்கிற வீடு கொழும்பில் ‘ஓரளவு வசதி’. வருடத்துக்கு 48 லட்சம். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 16,000 டொலர். வங்கி முகாமையாளர், பாடசாலை அதிபர், புடைவைக் கடைக்காரர் எல்லாருமே அந்தத் தராசில் ஏழைகள். 2022இல் ரூபா விழுந்த பிறகு இன்னும் ஏழைகள்.

இதை எழுதிக் கொடுக்கத்தான் கை வராது. “நாங்கள் என்ன, பிச்சைக்கோ போறம்? பிள்ளை கெட்டிக்காரி, அதுக்குத் தாறதைத் தரட்டும்” என்று சொன்ன தகப்பனை எனக்குத் தெரியும். பரிசில் என்பது நம் பழஞ்சொல். பாடிப் பரிசில் வாங்கப் போன புலவர், தன் வீட்டு அடுப்பில் காளான் பூத்திருப்பதை வள்ளலின் முகத்துக்கு நேரே சொன்னார். அதனால் அவர் புலமை குறைந்துவிடவில்லை. நாம் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, கேட்கும் துணிவைத் தொலைத்துவிட்டோம்.

சிக்கல் இல்லாமலும் இல்லை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவையும், 2022இலிருந்து டார்ட்மத், போடன் ஆகியவையும், வெளிநாட்டுப் பிள்ளை காசு கேட்கிறதா இல்லையா என்பதைப் பார்க்காமலே தெரிவு செய்கின்றன. இப்படியானவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஸ்டான்ஃபோர்ட் உட்பட மற்றப் பெரும்பாலானவை பார்க்கின்றன. அங்கே உதவி கேட்டால் போட்டி இறுகும். அதனால் பொது விண்ணப்பப் படிவத்தில் ‘தேவை அடிப்படையிலான உதவியை நாடுகிறீர்களா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போடச் சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். உள்ளே போன பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். பார்க்க முடியாது. விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்கு நாலு வருடமும் உதவி இல்லை என்று பல கல்லூரிகள் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கின்றன. மெரிட் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ‘இல்லை’ போட்ட பிள்ளைக்கு மார்ச் மாதத்தில் அனுமதிக் கடிதம் வரும், காசு வராது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பிள்ளை கொழும்பிலேயே வேறொரு பட்டம் முடித்துவிட்டது.

அப்படியென்றால் மெரிட் காசு எங்கேதான் இருக்கிறது? முதல் வரிசைக்கு அடுத்த வரிசையில். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் முழுக் கட்டணம், அரைக் கட்டணம் என்று கொடுக்கிறது. அதற்கு நவம்பர் 1க்குள் விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும். வாண்டர்பில்ட் தனிக் கட்டுரை கேட்டு முழுக் கட்டணம் தருகிறது. பொஸ்டன் பல்கலைக்கழகத்திலும் உண்டு. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் மோர்ஹெட்-கெய்ன் புலமைப்பரிசில் 1945இல் தொடங்கியது, அமெரிக்காவிலேயே முதல் மெரிட் திட்டம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. வெளிநாட்டவரும் கேட்கலாம், நாலு வருடச் செலவும் அவர்களுடையது. க்ரினெல், மக்கலெஸ்டர் போன்ற கல்லூரிகள் மெரிட்டும் தேவையும் இரண்டும் பார்க்கின்றன. அலபாமா போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்கள் சராசரிப் புள்ளியும் சாட் என்ற அமெரிக்க நுழைவுப் பரீட்சையின் புள்ளியும் இவ்வளவென்றால் தொகை இவ்வளவு என்று அட்டவணையே போட்டு வைத்திருக்கின்றன. வெட்டுப்புள்ளியில் பழகிய நம் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

இவர்கள் ஏன் கொடுக்கிறார்கள் என்று புரிந்தால் எங்கே தேடுவது என்பதும் புரியும். ஹார்வர்டுக்குப் போகக்கூடிய பிள்ளையைத் தன் பக்கம் திருப்ப ஒரு பல்கலைக்கழகம் கொடுக்கிற விலை அது. வகுப்பின் சராசரிப் புள்ளி ஏறும், தரவரிசை ஏறும், அடுத்த வருடம் முழுக் காசு கட்டுகிற பிள்ளைகள் கூடுதலாக வருவார்கள். இன்னொரு வகையும் உண்டு. அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் முதல் வருட மாணவருக்குச் சராசரியாகப் பாதிக் கட்டணத்துக்கு மேல் கழிவு போகிறது. பலகையில் எழுதிய விலையை முழுதாகக் கட்டுகிறவர் குறைவு. புறக்கோட்டையில் புடைவை விலை சொல்கிற மாதிரித்தான். அந்தக் கழிவுக்கு ‘டீன் ஸ்கொலர்ஷிப்’ என்று பெயர் வைத்து, தடித்த தாளில் அச்சடித்து அனுப்பினால் குடும்பம் குளிர்ந்துபோகும். ஆகவே தன் புள்ளி எந்தக் கல்லூரியின் நடுப்பகுதிக்கு நன்றாக மேலே நிற்கிறதோ, அங்கேதான் பிள்ளைக்கு விலை. பிள்ளை கடைசி ஆளாக நுழையக்கூடிய இடத்தில் விலை இல்லை.

கனடாவில் ரொறன்ரோவின் லெஸ்டர் பி. பியர்சன் புலமைப்பரிசில் ஒன்றுதான் எங்கள் வீடுகளில் பேசப்படுகிறது, பேசத் தகுந்ததும்தான்: நாலு வருடக் கட்டணம், புத்தகம், தங்குமிடம். வருடத்துக்குச் சுமார் 37 பேர், உலகம் முழுவதிலுமிருந்து. ஆனால் பிள்ளை தானாகக் கேட்க முடியாது. பாடசாலை பரிந்துரைக்க வேண்டும், ஒரு பாடசாலைக்கு ஒருவர். அதிபருக்கு அப்படியொரு திட்டம் இருப்பதே தெரியாவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. சர்வதேசப் பாடசாலைகளில் இதற்கென்று ஓர் ஆள் மேசை போட்டு இருப்பார். தமிழ் மொழிமூல அரச பாடசாலையில் இந்த வேலை, ஏற்கெனவே மூன்று பேரின் பாடத்தை எடுக்கிற ஓர் ஆசிரியரின் தலையில் விழும். பெற்றோர் ஓகஸ்டிலேயே போய், அச்செடுத்த தாளோடு அதிபருக்கு முன்னால் உட்கார வேண்டும். ரொறன்ரோவில் மாமா, சித்தி இருப்பது இதற்கு ஒரு புள்ளியும் கூட்டித் தராது. குளிர் சட்டை வாங்கத்தான் உதவும்.

தெரிந்துகொள்ளாமல் நம் பிள்ளைகள் தோற்கிற இடம் இன்னொன்று இருக்கிறது: தேர்ச்சி அறிக்கை. நம் முறையில் 75க்கு மேல் ஏ. உயர்தர வகுப்பில் தவணைப் பரீட்சைக்கு இறுக்கிப் புள்ளி போடுவது ஆசிரியரின் பெருமை. பௌதிகவியலில் 68 எடுத்து வகுப்பில் இரண்டாம் இடம் வந்த பிள்ளை உண்டு. அந்த 68ஐ அப்படியே அனுப்பினால், 90க்குக் கீழே பார்த்துப் பழகாத கண்ணுக்கு அது தோல்வி. விண்ணப்பத்தோடு பாடசாலை பற்றிய ஒரு பக்கக் குறிப்பு போக வேண்டும்: ஏ என்பது எத்தனைக்கு மேல், வகுப்பில் எத்தனை பேர், அதில் 70ஐத் தாண்டியவர் எத்தனை பேர், இந்தப் பாடசாலையிலிருந்து பொறியியலுக்கு வழக்கமாக எத்தனை பேர் போகிறார்கள். இந்த ஒரு தாள், பிள்ளை எழுதுகிற உருக்கமான கட்டுரையைவிடப் பெறுமதியானது என்பது என் எண்ணம். ஆசிரியர் கடிதமும் அப்படித்தான். ‘இவர் நற்பண்பும் ஒழுக்கமும் உள்ள மாணவி’ என்ற நற்சான்றிதழ் நடை அங்கே எடுபடாது. ஒரு நாள் ஆய்வுகூடத்தில் என்ன கேட்டாள், பதில் வராதபோது என்ன செய்தாள் என்று எழுத வேண்டும். தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்பலாம்.

காலக்கணக்கு அடுத்த தலையிடி. அமெரிக்காவில் விண்ணப்பங்கள் நவம்பரிலிருந்து ஜனவரி தொடக்கத்துக்குள் மூடும். மெரிட்டுக்குப் பெரும்பாலும் முந்திய திகதி. நம் உயர்தரம் அதே நாட்களில் நடக்கும், அல்லது தள்ளிப்போகும். 2022க்குரிய பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கி, பெறுபேறு செப்டெம்பரில் வந்தது. 2023க்குரியது 2024 ஜனவரியில் நடந்து, பெறுபேறு மே இறுதியில். லண்டன் உயர்தரம் படிக்கிற பிள்ளையிடம் முதல் வருட முடிவு கையில் இருக்கும், எதிர்பார்க்கும் பெறுபேற்றையும் பாடசாலை எழுதிக் கொடுக்கும். உள்ளூர்ப் பிள்ளையிடம் சாதாரண தரமும் தவணைப் புள்ளியும்தான். அதனால் சாட் பரீட்சையை விருப்பத்துக்குரியது என்று சொல்கிற இடத்துக்கும் எழுதி அனுப்புவது நல்லது. எம்.ஐ.டி. 2022இலும் ஹார்வர்ட் 2024இலும் அதை மறுபடி கட்டாயமாக்கிவிட்டன. பெறுபேறு வந்த பிறகு ஒரு வருடம் பொறுத்து விண்ணப்பிப்பதில் வெட்கம் இல்லை. பியர்சன் மாதிரிச் சிலவற்றுக்குப் பாடசாலை முடித்த திகதி எல்லை உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘ஏர்லி டிசிஷன்’ என்று ஒரு வகை இருக்கிறது: கிடைத்தால் கட்டாயம் வருவேன் என்று ஒப்பமிட்டு அனுப்புவது. மெரிட் தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க நினைக்கிற வீடு அந்தப் பக்கம் போகக்கூடாது. பேரம் பேசும் முன் கையைக் கட்டிக்கொள்கிற வேலை அது.

அவுஸ்திரேலியாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மெல்பேர்ணில் தனி விண்ணப்பம் இல்லாமலே பார்க்கிறார்கள். மொனாஷில் வருடத்துக்கு 10,000 அவுஸ்திரேலிய டொலர் என்ற மெரிட் உண்டு. முழுக் கட்டணம் மிகச் சிலருக்கு. மற்றது 20 வீதம், 25 வீதம் என்ற கழிவு, தகுதி உள்ள எல்லாருக்கும். பிரித்தானியாவில் பெரிய காசு முதுகலைக்குத்தான்: செவனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்துவிட்டு இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் அரசின் கட்டண மானியம் எடுத்தால் மூன்று வருடம் அங்கே வேலை செய்யக் கடமைப்படுவீர்கள். இந்திய உயர் ஸ்தானிகராலயம் வழியாக வரும் நேரு நினைவுப் புலமைப்பரிசிலையும் ராஜீவ் காந்தி புலமைப்பரிசிலையும் நம்மவர்கள் அலட்சியமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது விளங்குவதில்லை.

காலி வீதியில் நூறு அடிக்கு ஒரு முகவர் பலகை தொங்குகிறது. ஹோட்டல் மண்டபங்களில் கல்விக் கண்காட்சி நடக்கிறது, ‘50 வீதம் வரை ஸ்கொலர்ஷிப்’. அந்த ‘வரை’யை வாசியுங்கள். முகவருக்குப் பல்கலைக்கழகம் தரகு கொடுக்கிறது. அதில் பிழை ஒன்றும் இல்லை, அவருக்கும் வீடு இருக்கிறது. ஆனால் தரகு தராத இடத்தின் பெயர் அவர் வாயில் வராது. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் தரகு தருவதில்லை. அமெரிக்க இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் கொழும்பு அலுவலகத்தில் இந்த ஆலோசனை கிடைக்கிறது, முகவரிடம் போகும் முன் அங்கே ஒருக்கால் போய்வரலாம்.

கடிதம் வந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. 20,000 டொலர் மெரிட் என்றால் வீடே கொண்டாடும். மொத்தச் செலவு 85,000 என்றால் மீதி 65,000. 300 ரூபாப்படி வருடத்துக்கு ஒரு கோடியே 95 லட்சம், அப்படி நாலு வருடம். தொகை அப்படியே நிற்கும், கட்டணம் வருடா வருடம் ஏறும். சராசரிப் புள்ளி 4.0க்கு 3.0 என்பதற்குக் கீழே போனால் நிறுத்துவோம் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். முதல் பனிக்காலத்தில், முதன்முறை ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிற பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. ‘முழுக் கட்டணம்’ என்றால் படிப்புக் கட்டணம் மட்டும், அறையும் சாப்பாடும் காப்புறுதியும் வேறு. அறைக்கும் சாப்பாட்டுக்கும் காசு தந்தாலும், அந்தப் பகுதிக்கு அமெரிக்கா பொதுவாக 14 வீத வரி பிடிக்கும். மீதிக் காசு எங்கிருந்து வரும் என்று வங்கிக் கணக்கில் காட்டினால்தான் விசாவுக்கான படிவமே தருவார்கள்.

மருமகளோடு உட்கார்ந்து அந்தக் கொப்பியில் தலைப்பை மாற்றினோம். ‘மெரிட்’ என்ற பத்திக்குப் பக்கத்தில் ‘தேவை’ என்று ஒரு பத்தி, அதற்கடுத்து ‘கேட்டால் பார்ப்பார்களா’ என்று இன்னொன்று. பெயர்களில் இரண்டை அவளே வெட்டினாள். ஐந்து புதிதாகச் சேர்ந்தன. அதில் மூன்றை அவள் அதற்குமுன் கேள்விப்பட்டதே இல்லை.

வருமானப் படிவத்துக்கு அத்தானைக் கூப்பிட்டோம். கடைக் கணக்குப் புத்தகத்தோடு வந்தார், முகத்தில் விருப்பம் இல்லை. கடந்த வருட லாபத்தைச் சொன்னார். “டொலரிலை எவ்வளவு வரும்?” என்று மகள் கேட்டாள். கல்குலேட்டரில் அழுத்தினார். நெற்றியைச் சுருக்கி, அழித்துவிட்டு, மறுபடி அழுத்தினார்.

“இவ்வளவுதானே?” என்றார்.

அக்கா குசினிக்குள்ளிருந்து, தேத்தண்ணிக்குச் சீனி போடவோ என்று கேட்டாள். அத்தான் பதில் சொல்லாமல் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைத் தேடினார்.